பூச்சி தொடாத கறை

“மாமா, இதை ஒரு மனுஷன் போட்டிருந்தானா, இல்ல இதுக்குள்ள ஒரு மனுஷன் செத்துக் கிடந்தானா?”

துப்பட்டாவை மூக்கில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு கொசு கேட்டாள். கொசு என்பது பட்டப்பெயர். முப்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, ஓயாத வாய். தாய்மாமன் நடத்தும் துப்பறியும் தொழிலில் அவள் பாதி. மீதிப் பாதி மண்டியார்.

மண்டியார் மேஜையின் மேல் குனிந்திருந்தார். துப்பறிய வருவதற்கு முன்னால் பதினாறு வருஷம் தோல் மண்டியில் மூட்டை தூக்கியவர். உப்புத் தோலும் கழுவாத ஆட்டு ரோமமும் சுமந்த தோள் அது. தொழில் விட்டுப்போனாலும் பெயர் விடவில்லை.

மேஜைமேல் வெள்ளைத் துணி. அதன்மேல் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஒன்று, முழங்கால்வரை நீளம். கோட்டு லேசாக அசைந்துகொண்டிருந்தது. காற்று இல்லை. அந்த அடித்தள அறைக்கு ஜன்னலே கிடையாது. மடிப்புக்குள் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அரிசி மணி அளவு, பால் நிறம், தலை மட்டும் பழுப்பு. தின்ற கம்பளியையே நூலாக்கிக் கூடு கட்டி, அந்தக் கூட்டிலேயே கழிந்து, அந்தக் கழிசலிலேயே புரண்டுகொண்டிருந்தன.

“அதுமேல மூச்சு விடாதீங்க!” என்று ஒரு குரல் வெட்டியது.

பேராசிரியர். பல்கலைக்கழகத்தின் பழைய உடைகள் காப்பகத்துக்கு அவர்தான் தலைவி. குள்ளமான, ஒடுங்கிய தோள்கள் கொண்ட அம்மாள். இடது தோள் மட்டும் கொஞ்சம் தூக்கியிருக்கும். இரும்பு அலமாரிகளில் மூவாயிரம் உடுப்புகள் அட்டைப் பெட்டிகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. அத்தனைக்கும் அவர் சொன்னதுதான் சட்டம். தொடக்கூடாது, துவைக்கக்கூடாது, உடுத்தவே கூடாது.

“இது சாதாரணக் கோட்டு இல்ல. நூத்தெண்பது வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஒரு அறுவை வைத்தியரோடது. கை கழுவணும்னே வைத்தியருங்களுக்குத் தெரியாத காலம். கோட்டுல எவ்வளவு ரத்தமோ அவ்வளவு பெருமை. பத்தொன்பது வருஷம் இதை அவர் ஒரு தடவைகூடத் துவைக்கல. முன்பக்கம் பூரா ரத்தம், சீழ். இந்த ஒரு கோட்டப் பத்தி நானூறு பக்கம் எழுதியிருக்கேன். அடுத்த மாசம் புத்தகம் வருது.”

“படிக்கும்போது மூக்குல கட்டிக்க ஒரு துணியும் சேத்துக் குடுப்பீங்களா மேடம்?” என்றாள் கொசு.

பேராசிரியர் அவளைப் பார்த்த பார்வையில் நாலு புழு செத்திருக்கலாம்.

பதிவாளர் கதவோரம் நின்றார். ஆறடி உயரம், உயரத்துக்குப் போட்டியாக வயிறு. மண்டியாரை வரவழைத்தவர் அவர்தான். “இங்க பாருங்க, நான் உங்களக் கூப்பிட்டது பெரிசாத் துப்பறிய இல்ல. நாலு மணிக்குக் கமிட்டி. உங்க அறிக்கைல ஒரு வரி போதும். பெட்டிக்காரம்மாவோட அலட்சியம்னு. அவங்கள நீக்கிட்டு நாங்க ஆள் மாத்திக்கறோம்.”

பெட்டிக்காரம்மா சுவரோரம் நின்றிருந்தார். ஏணிபோல நெட்டையான, கை கால் நீண்ட பெண்மணி. இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பெட்டிகளைத் திறந்து, பார்த்து, தைத்து, மூடுகிறவர். இருபத்திரண்டு வருஷமும் தற்காலிகம். அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டியது. இன்று நாலு மணிக்கு அலட்சியம் என்று காகிதத்தில் விழுந்துவிட்டால், நிரந்தரமும் இல்லை, வேறு எந்தக் காப்பகமும் வாசலில்கூடச் சேர்க்காது.

“புழு இருக்குன்னு முதல்ல சொன்னது யாரு?” என்றார் மண்டியார்.

“நான்தாங்க,” என்றார் பெட்டிக்காரம்மா. “வருஷத்துக்கு ஒரு தடவ ஒவ்வொரு பெட்டியா முறை வெச்சுத் திறப்போம். போன வாரம் இதோட முறை. திறந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன்.”

“சொன்னதுக்கு இந்தப் பரிசா?” என்றாள் கொசு.

“அன்னியிலேருந்து அவங்க கை இதுல படக்கூடாதுன்னு நிறுத்திட்டேன்,” என்றார் பேராசிரியர். “அழுக்குக் கை பட்டது போதும்.”

பேராசிரியரும் பதிவாளரும் மேலே போனார்கள். கதவு சாத்தியதும் கொசு பெருமூச்சு விட்டாள். “இப்போதான் கொஞ்சம் நல்ல காத்து வருது.”

மண்டியார் கோட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார். இரண்டு முறை நடந்தார். மூன்றாவது சுற்றில் நின்று சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

“கொசு, மண்டில ரோம மூட்டை பிரிப்போம். பூச்சி விழுந்த மூட்டைல அது எங்கெல்லாம் இருக்கும் தெரியுமா? சுத்தமான ரோமத்துல இருக்காது. சாணி, மூத்திரம், ரத்தம், வியர்வை எங்க ஒட்டியிருக்கோ அங்கதான் மொய்க்கும். வெறும் ரோமம் அதுக்குச் சப்புன்னு இருக்கும். நாத்தம் இருந்தாத்தான் ருசி.”

“மனுஷங்க மாதிரியேதான் மாமா.”

“இப்ப இதப் பாரு. கழுத்துப் பட்டைல ஓட்டை. அக்குள் பக்கம் ஓட்டை. கைலயும் ஓட்டை. முன்பக்கம்?”

கொசு துப்பட்டாவை இறக்கிவிட்டுப் பார்த்தாள். கோட்டின் முன்பக்கம் கழுத்திலிருந்து தொடைவரை கருஞ்சிவப்பாகக் கறை. பத்தொன்பது வருஷத்து ரத்தமும் சீழும். புழுக்களுக்குக் கல்யாண விருந்து. அங்கே ஒரு ஊசித் துளைகூட இல்லை.

“இலை போட்டு வெச்சிருக்கு, ஒருத்தனும் உக்காரல,” என்றாள்.

“ஏன்னா அது சாப்பாடு இல்ல. ரத்தமே இல்ல.”

பெட்டிக்காரம்மா வேகமாக வந்தார். தொடாமல், முகத்தை மட்டும் கறைக்கருகே கொண்டுபோனார். “இது... முன்னாடி மடிக்கவே முடியாது. தகரம் மாதிரி விறைச்சு நிக்கும். பொடி உதிரும். இப்ப துணி துவண்டு கிடக்கே!”

“அப்படின்னா கோட்டையே மாத்திட்டாங்க,” என்றாள் கொசு. “அசலத் தூக்கிட்டு நகல வெச்சுட்டான் எவனோ.”

“உள்பையத் திருப்பிக் காட்டுங்க,” என்றார் பெட்டிக்காரம்மா. மண்டியார் திருப்பினார். “இந்தப் பை ஓரம் பதினோரு வருஷம் முன்னாடி நான் தெச்சது. பதினாலு தையல். ஒன்பதாவது கோணல். அப்போ கரண்ட் போயிடுச்சு.”

கொசு எண்ணினாள். பதினாலு. ஒன்பதாவது கோணல்.

அசல் கோட்டுதான். ஆனால் ரத்தம் இல்லை. மண்டியார் கழுத்துப் பட்டையின் உள்பக்கத்தை விளக்கருகே பிடித்தார். புழு தின்று மிச்சம் வைத்திருந்த ஓரத்தில், அழியாத மசியில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும்.

“பத்தொன்பது வருஷம் துவைக்காத கோட்டு. அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல யாரும் துவைக்கக்கூடாதுன்னு பூட்டி வெச்ச கோட்டு. இதுல எப்படிம்மா சலவைக்காரர் குறி வந்துச்சு?”

பெட்டிக்காரம்மா பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “கழுவிட்டாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். வீட்டில் யாரோ போய்விட்டதாகச் சேதி வந்ததுபோல இருந்தது அந்தக் குரல்.

“நீங்க எப்பவாவது லீவுல போனீங்களா?”

“ஆறு மாசம் முன்னாடி. கர்ப்பப்பை ஆபரேஷன். ரெண்டு மாசம் வரல. சாவி பதிவாளர்கிட்ட ஒண்ணு, மேடம்கிட்ட ஒண்ணு.”

அந்தக் குறி யாருடையது என்று கண்டுபிடிக்க மூன்று சலவைக் கடைகள் ஏறி இறங்கினார்கள். நாலாவது கடை ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. நுரையும் மயிரும் சேர்ந்த சாக்கடை வாசலில் ஓடியது. உள்ளே சலவைக்காரர் வெள்ளைத் தலையணை உறைகளுக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு புள்ளி, ஒரு கோடு.

கோட்டு என்று சொன்னதும் அவர் முகம் கோணியது.

“அதப் பத்திப் பேசாதீங்க சார். மூணு நாள் நான் கையால சாப்பிடல, ஸ்பூன்ல சாப்பிட்டேன். நாடகத்துக் கோட்டு, சாயம்னு எழுதி அனுப்பியிருந்தாங்க. தண்ணில போட்டேன். துருப்பிடிச்ச தண்ணி மாதிரி வந்துச்சு. அடுத்த தண்ணி அதவிட மோசம். மேல பாலாடை மாதிரி ஏதோ மிதந்துச்சு. பதினொரு தண்ணி! சாயத்துக்கு அந்த நாத்தம் வருமா? பிணவறை நாத்தம். என் பொண்டாட்டி வாசல்ல போய் வாந்தி எடுத்தா.”

“அந்தத் தண்ணிய என்ன பண்ணீங்க?” என்றார் மண்டியார்.

“என்ன பண்றது, இதோ, சாக்கடைல ஊத்தினேன்.”

மண்டியார் சாக்கடையைப் பார்த்தார். நூத்தெண்பது வருஷம் பொத்திப் பொத்திக் காத்தது இந்த வழியாகப் போயிருந்தது.

“யாரு கொண்டு வந்தது?”

“வாடகை வண்டிக்காரன். கூட ஒரு தட்டச்சு பண்ண சீட்டு. பயங்கரக் கண்டிஷன் சார். பச்சைத் தண்ணிதான், பிழியக்கூடாது, கொடில போடக்கூடாது, வெள்ளைத் துணில படுக்க வெச்சு நிழல்ல காய வெக்கணும், காஞ்சதும் கைக்குள்ள மெல்லிசுத் தாளச் சுருட்டி அடைக்கணும். பச்சைக் குழந்தைக்குக்கூட இவ்வளவு சொல்லமாட்டாங்க.”

வெளியே வந்ததும் கொசு ஓட்டமும் நடையுமாக மாமாவின் பக்கத்தில் வந்தாள்.

“மாமா, கைக்குள்ள தாள் அடைக்கணும்னு பதிவாளருக்கு எங்க தெரியப்போகுது? அந்த ஆளு சட்டைய நாற்காலில மாட்டற ஆளு. இதெல்லாம் பெட்டிக்காரக்காவுக்குத்தான் தெரியும்.”

“ம்.”

“மேடத்துக்கும் தெரியும். ஆனா அந்தம்மா அந்த ரத்தத்தப் பத்தி நானூறு பக்கம் எழுதினவங்க. அதக் கழுவறதுக்கு முன்னாடி அவங்க கைய வெட்டிக்குவாங்க. கமிட்டில இதச் சொன்னா அக்கா கதை முடிஞ்சுது. நாமளே குழி தோண்டிட்டோம் மாமா.”

“கழுவினதுக்கு அப்புறம் அந்தக் கோட்டு சுத்தம்,” என்றார் மண்டியார். “ரத்தம் இல்ல, சீழ் இல்ல. வெறும் கம்பளி. பூச்சிக்குச் சப்புன்னு இருக்கணும். ஆனா கழுத்து, அக்குள், கைல மட்டும் எப்படி ருசி வந்துச்சு?”

கொசு நின்றாள். “வியர்வை.”

“கழுவினது பொத்தி வெக்க இல்ல கொசு. போட்டுக்க.”

அவர்கள் திரும்பியபோது மணி இரண்டே முக்கால். பெட்டிக்காரம்மா அதே முக்காலியில் இருந்தார்.

“அம்மா, கண்காட்சிக்குக் கோட்ட எப்படி நிக்க வெப்பீங்க?”

“பொம்மை மேலதாங்க. தலையில்லாத பொம்மை. எல்லாம் ஒரே அளவு, ஒல்லி. துணிய அளந்து பாத்து, போட்டவங்க உடம்பு எப்படி இருந்திருக்கும்னு பஞ்சு வெச்சுக் கட்டுவோம். தொப்பைன்னா தொப்பை, கூன்னா கூன்.”

“இந்தக் கோட்டுக்கு ஒண்ணு கட்டுங்க. வைத்தியருக்கு வேண்டாம். ஓட்டைக்குக் கட்டுங்க. ஓட்டை இருக்கற இடத்துல எல்லாம் உடம்பு பட்டிருக்கு. அந்த உடம்பு எனக்கு வேணும்.”

பெட்டிக்காரம்மா எழுந்தார். நாடாவை எடுத்து, கோட்டைத் தொடாமல் மேலாகப் பிடித்தே அளந்தார்.

“அக்குள் ஓட்டை தையல்ல இல்ல, நாலு விரல் உள்ள தள்ளி இருக்கு. தோள் குறுகின ஆளு. கைல ஓட்டை வளையம் மாதிரி இருக்கு பாருங்க, நுனிலேருந்து ஒரு சாண் மேல. கைய உள்பக்கமா மடிச்சு விட்டிருக்காங்க. மணிக்கட்டு அங்கதான் முடியுது. குட்டைக் கை.”

கொசு அவருடைய நீண்ட கைகளைப் பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. “அக்கா, உங்க கை இந்தக் கோட்டுக்கு வெளிய அரை முழம் நீட்டிக்கிட்டு நிக்கும்! அந்தப் பதிவாளர் நுழைஞ்சா பொத்தான் எல்லாம் படபடன்னு தெறிக்கும். அப்ப இது...”

“பேசாம இரு,” என்றார் மண்டியார்.

பெட்டிக்காரம்மா பஞ்சைக் கிள்ளிக் கிள்ளி வைத்தார். துணி சுற்றிக் கட்டினார். கழுத்துப் பட்டையின் ஓட்டை இடப்பக்கம்தான் பெரிதாக இருந்தது. இடது தோளில் இன்னொரு கைப்பிடி பஞ்சு ஏற்றினார். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். அப்போது அவர் கை நின்றது. இருபத்திரண்டு வருஷமாகத் துணியைப் பார்த்து உடம்பைச் சொன்னவருக்கு, பஞ்சைப் பார்த்து ஆளைச் சொல்வது கஷ்டமில்லை. கடைசி முடிச்சைப் போட்டார்.

நாலு மணி. மேல்தளத்து அறையில் கமிட்டி என்பது ஒரு நீள மேஜை, பதிவாளர், பேராசிரியர், ஒரு தட்டு பிஸ்கட். மேஜையில் நீக்கல் காகிதம் தயாராக இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. பதிவாளர் அதன்மேல் விழுந்த பிஸ்கட் தூளை உள்ளங்கையால் துடைத்தார்.

“அறிக்கை எங்க?” என்றார்.

“உருண்டுகிட்டு வருது சார்,” என்றாள் கொசு.

சக்கரம் வைத்த பொம்மையை பெட்டிக்காரம்மா தள்ளிக்கொண்டு வந்தார். கோட்டையும் பொம்மையையும் சேர்த்துக் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பையால் மூடி, அடியில் கட்டியிருந்தார். உள்ளே புழுக்கள் பையில் ஒட்டி ஏறின. தலையில்லாத குள்ள உடம்பு ஒன்று, பெரிய கோட்டுக்குள், கைகளை உள்ளே மடித்துவிட்டுக்கொண்டு, இடது தோளைத் தூக்கிக்கொண்டு மேஜை முன்னால் நின்றது.

பதிவாளர் வாய் நிறைய பிஸ்கட்டோடு சிரித்தார். “என்னங்க இது, நம்ம மேடத்துக்குச் சிலை வெக்கறீங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. பதிவாளர் பொம்மையைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். மறுபடியும் பொம்மை. மென்றுகொண்டிருந்த தாடை நின்றது.

“கட்டினது நாங்க இல்ல சார்,” என்றார் மண்டியார். “பூச்சி அளவெடுத்துக் குடுத்துச்சு. அம்மா தெச்சுக் காட்டினாங்க, அவ்வளவுதான். பெட்டிக்காரம்மா ஆஸ்பத்திரில இருந்தப்போ கோட்டு வெளிய போச்சு. சலவைக்குப் போச்சு. அப்புறம் ஒருத்தர் உடம்புல ஏறி நல்லா வேர்த்துச்சு. அவங்க வீட்டு அலமாரில இருந்த பூச்சியும் கூடவே வந்துச்சு. கடைசில முன்பக்கம் சாயத்தப் பூசி, பெட்டிக்குள்ள வெச்சாச்சு. மேடம், நான் சொன்னதுல ஏதாவது தப்பு இருந்தாத் திருத்துங்க. நீங்க எழுதறவங்க.”

பேராசிரியர் பொம்மையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். “ஒரே ஒரு தடவை,” என்றார். “புத்தகத்து அட்டைக்கு. நான் அந்தக் கோட்டுல நிக்கற மாதிரி ஒரு படம். விளக்கு வெளிச்சத்துல நாலு மணி நேரம் நின்னேன்.”

“போட்டுக்கிட்டதுகூடப் போகட்டும். ஏன் கழுவினீங்க?” என்றாள் கொசு. முதல் தடவையாக அவள் குரலில் கிண்டல் இல்லை.

“பின்ன? அந்த அசிங்கத்தோட எப்படிங்க உடம்புல போடறது?” என்றார் பேராசிரியர், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அழுகின தோலுக்கு நடுவே உட்கார்ந்து சோறு தின்றவர் மண்டியார். அந்தச் சோறு தொண்டையில் இறங்கியிருக்கிறது. இந்தப் பேச்சு இறங்கவில்லை. தான் கழுவி ஊற்றிய ரத்தத்தைப் பற்றி நானூறு பக்கம். தன் வியர்வையைத் தின்ன வந்த பூச்சிக்குப் பலி, அடுத்தவள் வேலை.

பதிவாளர் தொண்டையைச் செருமினார். பெரிய இடத்தில் இருப்பவர்களுக்கு அடுத்தது என்ன என்று சீக்கிரம் தெரிந்துவிடும். “சரி. நடந்தது நடந்துபோச்சு. யாரையும் நீக்க வேண்டாம். அறிக்கைல பூச்சின்னு மட்டும் போடுங்க. கோட்டு கண்ணாடிக்குள்ள போகட்டும், கறை பாக்கறதுக்கு நல்லாத்தானே இருக்கு? புத்தகமும் வரட்டும்.” பெட்டிக்காரம்மா பக்கம் திரும்பினார். “உங்களுக்கு நிரந்தரம். சந்தோஷம்தானேம்மா?”

பெட்டிக்காரம்மா கை நீட்டினார். “அந்த நீக்கற காகிதத்தக் குடுங்க சார்.”

பதிவாளர் சந்தோஷமாகக் கொடுத்தார். கிழிப்பார் என்று நினைத்திருப்பார். பெட்டிக்காரம்மா அதைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்து, பேனாவை எடுத்து எழுதினார். இந்தக் கோட்டின் முன்பக்கம் இருப்பது ரத்தம் அல்ல, சாயம். கோட்டு கழுவப்பட்டது. கழுவக் கொடுத்தவர் என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டார்.

“யோசிச்சுச் செய்ங்க,” என்றார் பதிவாளர். “இத எழுதினா நிரந்தரத்தப் பத்தி நான் வாக்குக் குடுக்க முடியாது.”

“குடுக்காதீங்க சார். மயக்க மருந்து இல்லாத காலத்துல அறுத்தாங்க. கத்திக்கிட்டே கிடந்தவங்களோட ரத்தம் அது. அவங்க பேரு எங்கயும் இல்ல. அவங்க இருந்தாங்கங்கறதுக்கு இந்தக் கறை ஒண்ணுதான் இருந்துச்சு. அதச் சாக்கடைல விட்டுட்டு, பாக்க வர்றவங்ககிட்ட சாயத்தக் காட்டி ரத்தம்னு சொல்ற வேலை எனக்கு வேண்டாம். அது நிரந்தரமா இருந்தாலும் சரி.”

“என் அறிக்கைலயும் அதே வரிதான் சார்,” என்றார் மண்டியார். “அதுக்கப்புறம் இவங்கள நீக்கினா எதுக்குன்னு நீங்கதான் எழுதணும். என்ன எழுதுவீங்க?”

பதிவாளர் பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தார். பெட்டிக்காரம்மா காகிதத்தைப் பேராசிரியர் முன்னால் நகர்த்தி, அதன்மேல் பேனாவை வைத்தார்.

பேராசிரியர் பேனாவை எடுத்தார். பொம்மையின் பைக்குள் ஒரு புழு தோளிலிருந்து நழுவி விழுந்தது. அவர் எழுதினார். மிகச் சின்ன எழுத்தில், பாதிப் பெயர்.

பெட்டிக்காரம்மா காகிதத்தை வாங்கிப் படித்தார். திரும்பவும் அவர் முன்னால் வைத்தார்.

“முழுப் பேரும் எழுதுங்க மேடம். தேதியும் போடுங்க.”